பெயர் கிடைக்கும் முன்பே அருகிய மீன்

காவிரியில் வாழும் ஒரு மீனைப் பற்றிய செய்தி 1873-ஆம் ஆண்டிலேயே நூலேறி இங்கிலாந்து வரை சென்றது. அதைப் பிடிப்பதற்கென்றே கடல் கடந்து வந்தவர்கள் உண்டு. அதன் எடையைப் பற்றிய கதைகள் ஒன்றரை நூற்றாண்டாக ஓயவில்லை. அந்த மீன் எந்த இனம் என்ற வினாவுக்கு அறிவியல் விடை கண்டதோ 2018-இல்தான். அதே ஆண்டு முடிவதற்குள் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய இனமாக ஏறிவிட்டது. தொட்டில் கட்டிய கையோடு பாடைக்கும் மூங்கில் வெட்டியதைப் போன்ற நிகழ்ச்சி இது.

கூன்முதுகு மகசீர் என்று அதைச் சொல்லலாம். மகசீர் என்ற சொல்லே வடக்கிலிருந்து வந்தது. அதன் பிறப்பைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. மீன்களில் புலி என்பதைக் குறிக்கும் பாரசீகச் சேர்க்கை என்பார் சிலர். பெருந்தலை என்ற வடசொல்லின் திரிபு என்பார் சிலர். பெருஞ்செதில் என்பதிலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். மூன்றுமே அந்த மீனுக்குப் பொருந்துவதுதான் வேடிக்கை. பொருள் பொருந்துகிறது என்பதாலேயே சொற்பிறப்பு மெய்யாகிவிடாது என்பதை மொழியியல் மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பழைய மீனியல் பட்டியல்களில் பூமீன் கெண்டை, பொம்மீன் என்றெல்லாம் தமிழ்ப் பெயர்கள் காணப்படுகின்றன. இன்றைய தமிழ் வாசகருள் அப்பெயர்களைக் கேட்டறிந்தவர் சிலரே இருப்பர்.

பெங்களூருவிலிருந்து கனகபுரம் வழியாகத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் இந்த மீனின் புகழ்பெற்ற நீர்ப்பகுதியை அடையலாம். அர்க்காவதி வந்து காவிரியோடு கலக்கும் சங்கமம், அதன் அண்டையில் காளிபோரே, மேற்கே பீமேசுவரி, கிழக்கே ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு ஒடுங்கும் மேகேதாட்டு. காளிபோரே என்று தமிழில் எழுதியதும் வாசகர் கண்ணுக்குக் காளியம்மன் தோன்றுவாள். கன்னடத்தில் அது காற்று. காற்று வீசும் மேடு என்பதே ஊரின் பொருள். தமிழ் எழுத்து இவ்வாறு பல கன்னட ஊர்களுக்குத் தெய்வங்களைத் தந்திருக்கிறது. இன்னும் கிழக்கே சென்றால் ஒகேனக்கல். அங்கே கன்னடத்தின் ஹொகெயும் தமிழின் புகையும் ஒரே வேரின் இரு முகங்கள். மொழிகள் ஒன்றோடொன்று உரசிக் கிடக்கும் இந்த ஆற்றங்கரையில் ஆழமான நீர்த்தேக்கத்துக்கு இரு மொழியிலும் ஒரே சொல்தான்: மடு. மகசீர் மடுவில் கிடக்கும். ஆகவே மடுவை அறிந்தவரே மீனை அறிந்தவர்.

மடுவை அறிந்தவர் பரிசல்காரர். தூண்டில் முகாம்கள் நடந்த காலத்தில் அவருக்கு வழங்கிய பெயர் கில்லி. கேட்டவுடன் தமிழருக்கு விளையாட்டும் கெட்டிக்காரத்தனமும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்று பொருள்படுவது. அங்குள்ள பிரபுக்களின் மீன்பிடி உதவியாளருக்கு வழங்கிய பெயரைப் படையதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் இந்திய ஆறுகளுக்குக் கொண்டு வந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவரும் இந்தப் பெயரின்படி பையன்தான். அவர் ஆற்றில் கண்டறிந்தவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாக வைத்ததில்லை.

அவருடைய ஒரு நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். கேழ்வரகு மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, கொதிநீரில் வேகவைத்து, மீண்டும் பிசைந்து இறுக்க வேண்டும். இளகியிருந்தால் ஓட்டத்தில் கரைந்துபோகும். மிகவும் இறுகினால் முள் உள்ளேயே சிக்கி மீனின் வாயில் தைக்காது. மாவோடு என்ன சேர்ப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைபொருள் உண்டு; சோம்பு சேர்ப்பவர் உண்டு, மசாலா சேர்ப்பவர் உண்டு. எலுமிச்சை அளவிலிருந்து உள்ளங்கை நிறையும் அளவு வரை உருண்டைகள் ஆயத்தமாகும். உருண்டை பெரிதாக இருந்தால் சிறுமீன்கள் அரித்துத் தின்னும் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குள் பெருமீன் வந்து சேரலாம். இடையில் நண்டும் சிறுமீனும் இரையாகும் நாள்களும் உண்டு.

விருந்தினர் பரிசலில் ஏறியபின் அவருக்கு வேலை குறைவு, காத்திருத்தல் மிகுதி. எங்கே எறிவது என்பதைப் பரிசல்காரர்தான் சொல்வார். நீரின் மேற்பரப்பில் ஒரு சுருக்கம், இரு ஓட்டங்களுக்கு நடுவே எண்ணெய் தடவியதுபோல் ஒரு பளபளப்பு, பாறையின் பின்புறத்தில் நுரை சுழன்று நிற்கும் இடம்: இவைதாம் அவருடைய எழுத்துகள். கோடையில் ஆறு வற்றியபோது அடித்தளத்தின் பாறைகளை அவர் நடந்து பார்த்திருக்கிறார். மழைக்குப்பின் அந்தப் பாறைகள் நான்கு ஆள் ஆழத்தில் மறைந்தாலும் அவருக்கு அவை தெரியும். எறிந்த இரை அடியில் அமர்ந்ததும் நரம்பை விரலால் தொட்டுப் பார்ப்பார். கல்லில் உரசுவதும் ஆமை இழுப்பதும் சிறுமீன் கொத்துவதும் மகசீர் வாயிலெடுப்பதும் விரல்நுனியில் வெவ்வேறாக உணரப்படும். ஒலியனியல் படிப்பவர்கள் வேறுபடுத்தும் ஒலி, வேறுபடுத்தா ஒலி என்று பேசுகிறோமே, அதே திறன்தான் இது. காதுக்குப் பதில் விரல்.

மீன் சிக்கினால் அடுத்த நொடியிலேயே எல்லாம் மாறிவிடும். மகசீர் சிக்கியதும் நேரே பாறை இடுக்குகளை நோக்கிப் பாயும். கோலை உயர்த்திப் பிடியுங்கள் சார், இழுக்காதீர்கள் சார் என்று பரிசல்காரர் குரல் கொடுப்பார். சாருக்குக் கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும். நரம்பு பாறையில் மாட்டிக்கொண்டால் பரிசலை அந்த இடத்துக்கே ஓட்டிச் சென்று, எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்பதை நரம்பின் சாய்விலிருந்தே கணித்து, எதிர்த் திசையில் சுழற்றி விடுவிப்பார். ஒற்றைத் துடுப்பால் வட்டப் பரிசலை ஓட்டத்துக்கு எதிராக நிறுத்துவது எளிதன்று. மீனுக்கும் துடுப்பு, பரிசலுக்கும் துடுப்பு என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்ட தமிழ் அந்த நேரத்தில் சரியாகத்தான் சொல்கிறது. மகசீரின் தாடையில் பற்கள் இல்லை. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் பற்கள் நண்டோட்டை நொறுக்குபவை. தரம் குறைந்த தூண்டில் முள்ளையும் அவை நசுக்கிவிடும். கரைக்கு வந்த மீனை எடைபோட்டு, படம் எடுத்து, ஓட்டத்தை நோக்கி முகம் வைத்து, செவுள்கள் சீராக அசையும்வரை நீரிலேயே தாங்கிப் பிடித்து, பிறகு கையை விடுவார்கள். இந்தக் கடைசிச் செயலில்தான் பரிசல்காரரின் பழைய வாழ்வும் புதிய வாழ்வும் பிரிந்தன. முன்பு அவருடைய கையிலிருந்து மீன் உயிரோடு நீருக்குத் திரும்பியதில்லை.

ஃபிளை ஃபிஷிங் எனப்படும் முறை இங்கே பெரும்பான்மை வழக்காக இருந்ததில்லை. இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ ஒப்பனை செய்து, கனமான நரம்பின் எடையாலேயே அதை வீசுவது அந்த முறை. அமெரிக்க ஆறுகளில் சிறுவாய் பாஸ் என்ற மீனுக்காக வழிகாட்டிகள் படகில் அழைத்துச் செல்லும் பயணங்கள் இத்தகையவை. அங்கும் படகோட்டிதான் ஆற்றைப் படிக்கிறார், விருந்தினர் கோலைப் பிடிக்கிறார், உழைப்புப் பங்கீடு அதேதான். காவிரியின் பெருமடுக்களில் கேழ்வரகே வென்றது. பூச்சியைப் போன்ற பொம்மையைவிடக் களியுருண்டையே அந்த மீனுக்கு உவப்பாக இருந்தது என்பதில் ஓர் உள்ளூர்ப் பெருமிதம் கொள்ளலாம்.

மாவுருண்டை இட்டு மீன் பிடிக்கும் கலைக்கு இந்நிலத்தில் நீண்ட மரபு உண்டு. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசத்தில் மச்சவிநோதம் என ஒரு பகுதி இருக்கிறது. மீன்களின் வகை, எந்த மீனுக்கு எந்த உணவு, கோலும் கயிறும் எப்படி இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் வருகின்றன. மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951-இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார். தூண்டில் கலையின் முதனூலாக ஐரோப்பியர் கொண்டாடும் ஐசக் வால்டனின் நூல் 1653-இல் வந்தது. கருநாடகத்து அரசன் ஐந்து நூற்றாண்டு முந்தியவன். எனினும் காவிரியின் தூண்டில் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் முதற்பெயராக வருவது சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873-இல் வெளியான அவருடைய நூல்தான் மகசீரின் புகழை உலகுக்குக் கொண்டு சென்றது. மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினியில் பிடித்த 120 பவுண்டு மீன் இன்றும் எட்டப்படாத அளவாகப் பேசப்படுகிறது. ஏறத்தாழ 54 கிலோ; ஒரு கல்லூரி மாணவரின் எடை.

விடுதலைக்குப் பின் அணைகளும் வெடிகளும் பெருகின. மேட்டூர் அணை 1934-இலேயே கீழ்த்திசை வழியை அடைத்துவிட்டிருந்தது. குவாரிகளுக்கென வந்த வெடி ஆற்றுக்கும் வந்தது. ஒரு வெடியில் ஒரு மடுவே மேலே மிதக்கும், பெரியதும் குஞ்சும் வேறுபாடின்றி. மகசீர் முடிந்த கதை என்று பலரும் நம்பியிருந்த நிலையில், 1977-இல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் தரைவழியாகவே இந்தியாவுக்கு வந்து தேடியலைந்து, காவிரியில் பெருமீன்கள் இன்னும் இருப்பதைக் காட்டினார்கள். பெங்களூருவில் 1972-இல் தொடங்கப்பட்டிருந்த தென்னிந்தியக் காட்டுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கருநாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம்களை அமைத்தது. வெடி வைத்தவர்களும் வலை விரித்தவர்களுமே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தப்பட்டார்கள். மடுவை அறிந்தவர் வேறு யார் இருந்தார்கள்? பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது விதி. உயிரோடு இருக்கும் ஒரே மீன் பருவந்தோறும் பலருக்குக் காசு தரும் என்ற கணக்கைக் கரையோர மக்கள் விரைவில் புரிந்துகொண்டார்கள்.

இதுவரை சொன்னது நல்லவர்கள் நல்லது செய்த கதை. இனிமேல் வருவதும் நல்லவர்கள் நல்லதை நினைத்துச் செய்ததுதான்.

மகாராட்டிரத்தின் லோனாவ்லாவில் டாட்டா மின்நிறுவனம் நீர்த்தேக்கங்களை ஒட்டி ஒரு மீன் பண்ணையை நடத்தியது. அங்கே 1970-கள் முதல் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தார்கள். அது சிறந்த சாதனை, ஐயமில்லை. அந்தக் குஞ்சுகள் பல மாநிலங்களுக்கு வழங்கப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் அருகுகிறது, மகசீரை விடுவோம் என்பதே அன்றைய எண்ணம். மகசீர் என்பது ஒரு சொல். ஆற்றில் இருந்ததோ வேறு, வந்ததோ வேறு. சொல் ஒன்றாக இருந்ததால் பொருளும் ஒன்றாகவே கருதப்பட்டது. தூண்டிற்காரர்கள் துடுப்பின் நிறத்தையும் முதுகின் வளைவையும் கண்டு இரண்டையும் பிரித்தறிந்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆரஞ்சு நிறத் துடுப்பும் கூன்முதுகும் உடைய மீனுக்குத் தனி இனப்பெயர் இல்லாதபோது, கலப்பதனால் என்ன கெடும் என்று கேட்க எவரிடமும் சான்று இல்லை.

சான்று சேர்ந்தது எதிர்பாராத இடத்தில். காளிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை ஒவ்வொரு நாளும் யார், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், என்ன எடை என்று குறிப்பேட்டில் எழுதி வந்தார்கள். விடுதிக் கணக்கைப் போன்ற எளிய பதிவுதான். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் அதை எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்டில்-மணி நேரம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். நீலத்துடுப்பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. சராசரி எடை குறைந்தது. அதாவது இளமீன்கள் பெருகின. கூன்முதுகின் எண்ணிக்கை இறங்கியது. சராசரி எடையோ கூடியது. முகாமுக்கு வந்தவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி மகிழ்ச்சியளித்திருக்கும். பிடித்தால் பெரிதாகத்தான் கிடைக்கிறது! ஆனால் மக்கள்தொகை இயல் படித்தவருக்கு அதன் பொருள் வேறு. குழந்தைகள் பிறக்காத ஊரில் சராசரி வயது ஏறிக்கொண்டேதான் போகும்.

தூண்டில் விளையாட்டைத் தூற்றுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மீனுக்கு வலியில்லை என்று எவரும் இனிச் சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்துவது அறமா என்ற கேள்வி நியாயமானது. அதை மழுப்பிச் செல்வது நேர்மையன்று. ஆயினும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் காவிரியின் அந்தப் பகுதியில் கூன்முதுகு மகசீரின் எண்ணிக்கையை இவ்வாறு இடைவிடாமல் பதிந்தவை தூண்டில் முகாமின் ஏடுகளே. இந்தத் தொடர்பதிவைத் தந்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர், விருந்தினரும் பரிசல்காரரும்.

குறிப்பேடு 2012-ஓடு நின்றதற்குக் காரணம் உண்டு. முகாம்கள் இருந்த பகுதி 1987-இல் அமைந்த காவிரிக் காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் வருகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டினது. சங்கம் தொடங்கிய அதே ஆண்டு, தற்செயல்தான். அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் வரையறை கொல்லுதலோடு நிற்பதில்லை. பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரையிட்டு ஈர்த்தல் என்று வினைச்சொற்களின் நீண்ட வரிசை அது. கேழ்வரகு உருண்டை இரையிடலில் அடங்கும். நரம்பை முறுக்கிக் கரைசேர்ப்பது பிடித்தலில் அடங்கும். விட்டுவிடுதல் என்ற வினை அந்த வரிசையில் எதையும் நீக்குவதில்லை. ஆக, சரணாலயத்துக்குள் தூண்டில் வேட்டையாயிற்று. முகாம்களில் அது நின்றது. சொற்படி பார்த்தால் இந்த வாசிப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் பிண்டரும் ராகவனும் 2013-இலேயே கரண்ட் சயன்ஸ் இதழில் எழுதியதுபோல், விளையாட்டுத் தூண்டில் தந்த வருவாயும் காவலும் நீங்கினால் அந்த இடம் வெற்றிடமாக இருக்காது. ஆற்றோரத்தில் இரவும் பகலும் ஆள் நடமாடிய இடத்தில் வெடி வைப்பது கடினம். ஆள் இல்லாத இடத்தில் எளிது. சட்டத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை; காவல் என்பது யாருடைய கால்களால் நடந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும் என்பதற்காகவே.

இனிப் பெயருக்கு வருவோம். பம்பாய்ப் படையின் அதிகாரி வில்லியம் சைக்ஸ் 1839-இல் தக்காணத்து மீன்கள் சிலவற்றை விவரித்தார். நீலத்துடுப்பு மகசீருக்கு இன்று வழங்கும் குத்ரீ என்ற பெயர் அவர் தந்தது. முசுல்லா என்று இன்னொன்றையும் அவர் விவரித்தார். பிற்காலத்தில் காவிரியின் கூன்முதுகு மீனைப் பலர் அந்த முசுல்லாவோடு ஒட்டினார்கள். ஒட்டியது நிலைக்கவில்லை. சைக்ஸ் கண்டது மகசீரே அன்று, வேறொரு பேரினத்தைச் சேர்ந்த கெண்டை என்பது 2013 வாக்கில் காட்டப்பட்டது. கூன்முதுகு மீன் மீண்டும் பெயரற்றதாயிற்று. பெயர் இல்லாத ஒன்றைச் சிவப்புப் பட்டியல் மதிப்பிட முடியாது. மதிப்பீடு இல்லாத ஒன்றுக்கு நிதியோ தனிக் காவலோ கேட்க முடியாது. உலகின் மிகப் பெரிய மகசீர் அலுவலகக் கோப்பில் இல்லாத உயிராக இருந்தது. வாடகை வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆவணம் ஆவணமாக அலைபவர்களுக்கு இந்த நிலை அயலானதாகத் தோன்றாது.

விடை ஒரு சிற்றாற்றில் கிடந்தது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே. அவற்றுள் ஒன்றான பாம்பாறு அமராவதியாகிக் கரூர் அருகே காவிரியை அடைகிறது. அந்தப் பாம்பாற்றில் கிடைத்த சிறு உருவங்களைக் கொண்டு மதுசூதன குறுப்பும் ராதாகிருஷ்ணனும் ஒரு புதிய மகசீரை விவரித்து, இந்திய விலங்கியல் அளவாய்வகத்தின் மீனியலாளர் ரேமா தேவியைச் சிறப்பிக்கும் வகையில் டோர் ரேமாதேவி எனப் பெயரிட்டிருந்தனர். சிறு மீனின் பெயராகவே அது நூலகத்தில் இருந்தது. பிண்டரும் ராகவனும் கோவையின் மணிமேகலன் உள்ளிட்ட பிறரும் மோயாற்றிலிருந்து கூன்முதுகு மீன்களைப் பெற்று, உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, பாம்பாற்றுச் சிறுமீனும் காவிரியின் பெருமீனும் ஒன்றே என்று 2018 சூனில் அறிவித்தனர். ஆற்று மன்னன் என்று ஆங்கிலேயர் வியந்த மீனுக்கு இறுதியில் நிலைத்தது ஒரு தென்னிந்தியப் பெண் அறிவியலாளரின் பெயர். ஆண்கள் தம் எடைக் கணக்குகளைப் பாடிய இந்த நீண்ட வரலாற்றில் மனம் நிறையும் இடம் இதுவொன்றே.

அதே ஆண்டு சிவப்புப் பட்டியலில் நீலத்துடுப்பின் நிலையும் மாறியது. முன்பு அருகிவரும் இனமாக இருந்தது, கவலைக்குரியதன்று என்ற வகைக்கு இறங்கிற்று. காக்கப்பட வேண்டியதென்று பெருக்கப்பட்டது பெருகிவிட்டது. பெருகிய ஆற்றில் அந்த ஆற்றுக்கே உரியது ஒடுங்கிவிட்டது. நீலத்துடுப்பின் வருகை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அணை, மணல், வெடி, கழிவு எல்லாம் சேர்ந்தவை. எனினும் ஆற்றில் எதையேனும் விடுவது எளிது, திரும்ப எடுப்பது எளிதன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி ஆறுகளில் மேற்சொன்ன அமெரிக்கச் சிறுவாய் பாஸைத் தூண்டில் விளையாட்டுக்கென்றே 1930-களில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கு மட்டுமே வாழும் சிறுகெண்டைகளை அது தின்று தீர்த்தது. ராண்டிகாட் என்ற சிற்றாற்றின் ஒரு பகுதியிலிருந்து அதை அகற்ற 2012-இலும் 2013-இலும் மீன்கொல்லி மருந்தை ஊற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் உள்ளூர் மீன்கள் மெல்லத் திரும்பின. காவிரியில் அப்படி ஊற்றுவதை எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஊற்றினால் முதலில் சாவது எஞ்சியிருக்கும் கூன்முதுகுதான். அதன்பின் அந்த நீரைக் குடிக்கும் ஊர்கள்.

குடிக்கும் ஊர்களில் பெரியது பெங்களூரு. தொரெகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, காவிரியை ஏற்றித்தான் இந்நகரம் 1974 முதல் குடிக்கிறது. குடித்ததன் மீதியை விருசபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அர்க்காவதி வழியாகச் சங்கமத்துக்கும் அனுப்பி வைக்கிறது. அதாவது தூய நீரை மேலிருந்து எடுத்து, கழிவை மகசீர் வாழும் ஆற்றிலேயே கலக்கிறது. கோரமங்கலத்தின் ஆய்வகத்திலும் யெலகங்காவின் விடுதியிலும் குழாயைத் திறக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சுற்றில் ஒரு கண்ணி.

இப்போது பேசப்படும் மேகேதாட்டு அணைத் திட்டத்தின் கொள்ளளவு 67 டி.எம்.சி. அளவு. அதனால் மூழ்கவிருக்கும் நிலம் ஏறத்தாழ 5,000 எக்டேர். பெரும்பகுதி அந்தச் சரணாலயத்தினது. இரு மாநிலங்களும் இதைப் பற்றி நீதிமன்றங்களிலும் தெருக்களிலும் பேசுகின்றன. பெங்களூருவின் தாகம் என்று ஒரு பக்கம், டெல்டாவின் பயிர் என்று மறுபக்கம். இரண்டும் பொய்யல்ல. அந்த வழக்காடலில் மீனின் பெயர் அரிதாகவே வருகிறது. ஓடும் நீரில், பாறைகளுக்கிடையே, சரளைப் படுகையில் வாழும் உயிருக்குத் தேங்கிய நீர் வீடாகாது. அணை வந்தால் மடு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருக்காது. எல்லாமே ஒரே ஆழம்.

முகாம்கள் இன்றும் இருக்கின்றன. இயற்கை முகாம் என்ற பெயரில் வார இறுதிகளில் நகரத்தார் வருகிறார்கள். நீர்நாய்களையும் பாறைமேல் கிடக்கும் முதலைகளையும் காட்டிப் பரிசலில் சுற்றி வருவது இப்போதைய வழக்கம். பரிசலின் மூங்கில் சட்டத்தைத் தோலுக்குப் பதில் தார் பூசிய நெகிழித்தாள் மூடியிருக்கிறது. நடு ஆற்றில் வேகமாகச் சுழற்றினால் விருந்தினர் கூச்சலிடுகிறார்கள், கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். தூண்டில் பயணங்களை நடத்திய தலைமுறை முதுமையை நெருங்குகிறது. எந்த மடுவுக்கு என்ன பெயர், எந்தப் பாறையின் பின்னால் எந்த மாதத்தில் மீன் நிற்கும், நரம்பில் எந்தத் துடிப்புக்கு என்ன சொல் என்பவை கன்னடமும் தமிழும் கலந்த அவர்கள் பேச்சில் இன்னும் இருக்கின்றன. காளிபோரேயின் பதிவேடுகளில் எடை இருக்கிறது, நேரம் இருக்கிறது, விருந்தினரின் பெயர் இருக்கிறது. அந்தச் சொற்களுக்கான கட்டம் அந்த ஏடுகளில் இல்லை.